எங்கள் பகுதிக்கு முதலிடம்

இது முன்னேறிய பகுதி, அது பின்தங்கிய பகுதி என்று யாராவது ஆஸ்பத்திரிகளை எண்ணித் தரம் பிரித்துப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்கியவள் நான். எழுபதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்த கையோடு, மருத்துவ வசதிகளையும் சமூகநல வசதிகளையும் கணக்கெடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். வட சென்னையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எங்கே எத்தனை ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி, பிரசவ நிலையம், குழந்தைகள் காப்பகம் என்று ஒப்பிட வேண்டும். கடைசி இடத்துக்கு வரும் பகுதியில், மருத்துவச்சி அங்கேயே தங்கியிருக்கும் புதிய பிரசவ விடுதி கட்டுவார்கள்.

அது திருவொற்றியூருக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பிறந்து வளர்ந்த ஊர். தொழிற்சாலை மதிலை ஒட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. பக்கத்து வீட்டில் என் அக்கா முதல் பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். அவள் புருஷன் அதே தொழிற்சாலையில் மூட்டை தூக்கும் காண்ட்ராக்ட் கூலி.

பட்டியல் தயாரானதும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "உங்க பகுதிக்குத்தாம்மா முதலிடம்! சந்தோஷம்தானே?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். அதுதான் இன்னும் எரிச்சல்.

எப்படி முதலிடம் வந்தது என்று பார்த்தேன். ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் நிரந்தரத் தொழிலாளிகளுக்காக மதிலுக்குள் வைத்திருந்த டிஸ்பென்சரிகளை எல்லாம் ஊரின் வசதியாகச் சேர்த்திருந்தார்கள்.

"மதிலுக்குள்ள இருக்கிறது ஊருக்கு எப்படி சார் சொந்தம்?"

"கட்டடம் உங்க பகுதியிலதானே இருக்கு?"

"வாசல் கேட்டும் எங்க பகுதியிலதான் சார் இருக்கு. அதைச் சாத்துற வாட்ச்மேனும் எங்க பகுதிதான்."

அவர் சிரித்தார். கோபமே வரவில்லை அவருக்கு. டிஸ்பென்சரிகள் அனுப்பிய தினசரிக் கணக்கைக் காட்டி, "உள்ளே விடலைன்னா இத்தனை பெண்கள் எப்படிம்மா தினமும் வைத்தியம் பார்த்துக்கிட்டுப் போறாங்க?" என்றார்.

அதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாமல் இல்லை. சொன்னால் எங்கள் லைன் பெண்களின் வயிற்றில் அடித்தது போலாகிவிடும்.

எங்கள் லைனில் அட்டை இரவல் போகும். நிரந்தரத் தொழிலாளியின் மனைவிக்கு டிஸ்பென்சரி அட்டை உண்டு. காண்ட்ராக்ட் கூலியின் மனைவிக்குக் கிடையாது. அதனால் காய்ச்சல் வந்தவள், இருமுகிறவள், காலில் ஆணி குத்திக்கொண்டவள் எல்லாரும் அட்டைக்காரியின் பேரைச் சொல்லி உள்ளே போய்விடுவார்கள். ஒரே பெண்மணிக்கு ஒரே வாரத்தில் காமாலையும் வரும், கக்குவானும் வரும், இடது காதில் சீழும் வரும். பழைய நர்ஸ் எல்லாம் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் மருந்து கொடுப்பாள். அந்தக் கூட்டத்தைத்தான் அதிகாரி எங்கள் பாக்கியம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு வலி கண்டது. அந்த டிஸ்பென்சரியில் பிரசவ அறையும் உண்டு. எதிர்வீட்டு அட்டைக்காரி ஓடி வந்தாள்.

"இந்தா, என் அட்டைய எட்துக்கினு போ. கேட்டா என் பேர சொல்லு. பயப்படாத, நா கீறேன்."

நானும் அக்காவைத் தாங்கிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் அட்டையைப் பார்த்து விட்டுவிட்டான். உள்ளே பழைய நர்ஸ் இல்லை. புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அக்காவின் வயிற்றைப் பார்த்தாள்.

"இன்னாமா இது? இவங்களுக்குப் போன வருஷமே குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு போட்டுகீது. இது யாரு?"

எதிர்வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் ஆனது லைனுக்கே தெரியும். ஆபரேஷன் முகாமில் பரிசாகக் கொடுத்த வாளியில்தான் நாங்களும் தண்ணீர் பிடித்தோம். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் எடுத்துக் கொடுத்துப் பழகிய கை, பிரசவத்துக்கும் அதையே எடுத்துக் கொடுத்துவிட்டது. வாங்கிக்கொண்ட எங்களுக்கும் உறைக்கவில்லை.

நான் கெஞ்சினேன். கத்தினேன். "பிள்ளை வெளிய வர்ற நேரத்துல அட்டையப் படிக்கிறியா நீ? நீயும் பொம்பளைதானே!" என்றேன். வேலை போய்விடும் என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள். வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். வலியில் குனிந்திருந்த அக்காவோடு அந்தக் கேட்டுக்கு வெளியே வந்தேன்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் ராயபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழியில் கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. டேங்கர் டேங்கராகப் போய்க்கொண்டே இருந்தது. அக்கா என் தோளைக் கடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் யாரும் எந்த அட்டையும் கேட்கவில்லை, ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண் குழந்தை. அதற்குள் ரொம்பத் தாமதமாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. விளக்கு வைக்கும் நேரம் வரை மூச்சு இருந்தது, அவ்வளவுதான். அக்கா பிழைத்தாள்.

லீவு முடிந்து நான் அலுவலகம் போனபோது, எந்தப் பகுதியில் எத்தனை சிசு மரணம் என்று ஒப்பிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பகுதியில் குறைவு. ராயபுரத்தில் நிறைய. என் அக்காவின் பிள்ளை ராயபுரத்துக் கணக்கில் இருந்தான்.

"அது எங்க ஊர்ப் பிள்ளை சார்," என்றேன்.

"சாவு எங்கே நடந்ததோ அங்கேதாம்மா எழுதணும். விதி அப்படி." தணிந்த குரலில்தான் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், அறிக்கைக்கு அடுத்த வரியை எழுதிக்கொள்ளச் சொன்னார். 'திருவொற்றியூர்ப் பகுதியில் சிசு மரணம் குறைவாக இருப்பதற்கு அங்குள்ள மருத்துவ வசதிகளே காரணம்.'

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன். "தினமும் வைத்தியம் பார்த்துக்கிட்டுப் போற பெண்கள்னு சொன்னீங்களே, அதுல ஒருத்தியைத்தான் சார் அன்னிக்கு வெளிய தள்ளினாங்க. இந்த வரியை நீங்களே எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவரே எழுதிக்கொண்டார். பிரசவ விடுதி வேறு பகுதிக்குப் போயிற்று.

அடுத்த பிள்ளைக்கு அக்கா எந்த அட்டையையும் நம்பவில்லை. வலி வருவதற்கு முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு போய், அந்த ராயபுரம் ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக்கொண்டாள். அது பெண் குழந்தை, நன்றாக இருக்கிறாள். எங்கள் பகுதிக்கு அந்த வருஷமும் முதலிடம்தான்.