படிக்கட்டில் ஒரு நேர்காணல்

உலு திராமில் எங்கள் ஃபிளாட்டில் போன் லைன் ஒழுங்காகக் கிடைப்பது மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில் மட்டும்தான். அங்கே யார் பேசினாலும் மேல்மாடி சாந்தி ஆண்டிக்குக் கேட்கும்.

இன்று எனக்குப் போனில் வேலை நேர்காணல். படியில் போய் உட்கார்ந்தால் மேலே ஒரே டிரில் சத்தம். மொட்டைமாடியில் மூன்று பேர் போன் ஆண்டெனா பொருத்துகிறார்கள். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆண்டி கதவைத் திறந்து மேலே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, பிள்ளைக்கு இண்டர்வியூ. கொஞ்சம் நிறுத்துங்க லா."

நிறுத்தினார்கள். மூன்று பேரும் இறங்கி வந்து, படியில் உட்கார்ந்து பால் சேர்க்காத தே ஓ குடித்தபடி என் பதில்களைக் கேட்டார்கள். ஆண்டியும் நகரவில்லை. என் பலவீனம் என்னவென்று போனில் கேட்டபோது, "நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம்" என்றேன்.

முடிந்ததும் அவர்களில் மூத்தவர் கேட்டார். "கிடைச்சிருச்சாம்மா?"

"அடுத்த வாரம் கூப்பிட்டுச் சொல்வாங்கண்ணே."

"அதுக்குள்ள ஆண்டெனாவ ஆன் பண்ணிருவோம். நீ ரூம்ல படுத்துக்கிட்டே பேசலாம்."

ஆண்டியின் முகம் வாடிவிட்டது. "அப்ப கிடைச்சுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அறையில் எவ்வளவு லைன் வந்தாலும் அந்த அழைப்பைப் படிக்கட்டில்தான் எடுக்கப்போகிறேன். உங்கள் ஃபிளாட்டில் ஒட்டுக்கேட்பவர் யார்?