முட்டாள் சீட்டில் ஒரு நாய்

எண்பதுகளின் நடுவில், நாங்கள் அகதிகளாய் வந்து சேர்ந்த கிளென்ஃபீல்டில் எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்திருந்த வெள்ளைக்காரி ஒரு மத்தியானம் குறி சொல்லும் டாரட் சீட்டுகளைப் பரப்பி, எனக்கென்று ஒன்றை எடுத்தாள். முட்டாள் சீட்டு. தோளில் மூட்டையோடு ஒருவன் வானத்தைப் பார்த்தபடி மலை விளிம்பில் கால் வைக்கிறான். பக்கத்தில் ஒரு நாய் துள்ளுகிறது. புதிய தொடக்கமாம். பழைய சீட்டுகளில் இவன் கந்தல் உடுத்த பரதேசி, நாய் அவன் காலைப் பிறாண்டும் என்றும் சொன்னாள். அதுதான் சரியான படம் என்று எரிச்சலோடு நினைத்தேன். ஊரில் நடந்த கலவரத்தில் வீட்டைவிட்டு மூட்டையோடு ஓடியவனுக்குத் தெரியாதா?

மனைவி சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"நாங்கள் விட்டிட்டு வந்த எங்கட நாயும் எங்கயாவது இப்பிடித் துள்ளித் திரியும், என்ன?"

"ஓம்," என்றேன்.

வீட்டைவிட்டு ஓடிய அன்று நாயின் சங்கிலியை அவிழ்க்க மறந்துவிட்டு, அவிழ்த்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்தேன்.