கடைசி அறை வரைக்கும்

செல்போனில் மீன்குழம்பு வீடியோவை ஓடவிட்டபடி கங்கம்மாள் வராந்தாவில் நடக்கிறார். மறு கையில் செங்கல் துண்டு. படம் நின்று வட்டம் சுற்றத் தொடங்கும் இடத்தில் சுவரில் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். “இங்க கொழம்பு கொதிக்கல பாரு” என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார்.

மண்ணூரில் வரிசையாக ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் இவர். குடியிருப்பவர்கள் தெற்கத்திப் பெண்கள். நாளெல்லாம் கம்பெனியில் செல்போன் தயாரித்துவிட்டு வருகிறவர்களுக்கு, அறையில் சிக்னல் கிடைப்பதில்லை.

அவர்களுக்காக முதலில் வாங்கிய வைஃபை ரவுட்டரை, திருடு போய்விடும் என்று இரும்பு பீரோவுக்குள் வைத்து, ஒயருக்கு மட்டும் இடுக்கு விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார் கங்கம்மாள். இரும்புதான் சிக்னலை மறைக்கிறது என்று புரிந்த அன்று அறை அறையாகப் போய் அவரே சொல்லிச் சிரித்தார்: “நகையோட நெட்டையும் வெச்சுப் பூட்டிகினு கீறேன்டி!”

“ஈசானி மூலையில வையுங்க அண்ணி, எல்லாம் சரியாப் பூடும்” என்றார் பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தன் அப்பாவு. வைத்துப் பார்த்தார் கங்கம்மாள். மூன்றாம் அறையோடு படம் நின்றது. வராந்தாவின் நடுவில் மாட்டினார். ஐந்தாம் அறை வரை குழம்பு கொதித்தது. “இன்னா அப்பாவு, உன் மூலைய விட என் செங்கல்லு தேவலையே!”

மிச்சமிருந்தது ஆறாவது. அங்கே இருப்பவள் நாங்குநேரிப் பக்கத்துப் பெண் கவியா. சிக்னலுக்காகச் சாலையோரம் போய் நின்று பேசுவாள். அதைப் பார்த்த அப்பாவு அவள் தகப்பனுக்குப் போன் போட்டு, அறைக்கு நெட் வரப்போவதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். மறுநாளே தகப்பன் வனமாமலை கங்கம்மாளை அழைத்தார்: “யக்கா, எம்மவ போனுக்கு மட்டும் எட்டு மணிக்கு மேல நெட்ட அமத்திருங்க. வேத்துச் சாதிப் பயகூடப் பேசுதா.”

வயது வந்த பெண். சொந்தச் சம்பாத்தியம். அவள் அனுப்பும் பணத்தை வாங்கும்போது குறுக்கே வராத சாதி, அவள் வாயைத் திறந்ததும் வந்துவிடுகிறது.

“யார்மா அவன்?” என்று கங்கம்மாள் கவியாவிடம் கேட்டார்.

“எங்க லைன்லதான் வேல பாக்கான்க்கா. கல்யாணம் முடிக்கலாம்னு பேசுதோம்.”

குடிவருகிறவர்களின் குலம் கோத்திரம் வரை விசாரிக்கும் கங்கம்மாள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சுங்குவார்சத்திரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கடைக்காரர் மணிகண்டபிரபு ஆன்டெனாக்கள் நீட்டிய ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். “ஆறு கொம்பு கீதே, ஆறு செவுத்தத் தாண்டுமா தம்பி?” என்று கேட்டார் கங்கம்மாள்.

“கொம்பு எண்ணி வாங்காதம்மா. ரவுட்டர்லேர்ந்து ஒயர் இழுத்து, கடைசி ரூம் பக்கம் சிக்னலத் திரும்பப் பரப்புற ஆக்சஸ் பாயின்ட் ஒண்ணு மாட்டினாத்தான் வேலைக்காவும்.” கூடவே பெருமையாகச் சொன்னார்: “இந்த செட்ல எந்தப் போனை வேணா, எந்த டைம்ல வேணா கட் பண்லாம். ஆஸ்டல்காரங்க எல்லாம் இத்தத்தான் கேக்கறாங்க.”

“அது இல்லாத பொட்டி குடேன்.”

“இப்போ எல்லாத்துலயும் கீதும்மா. அடியில ஒட்டியிருக்கிற அட்மின் பாஸ்வேர்ட் யார் கையிலயோ, அவங்க வெச்சதுதான் சட்டம்.”

மறுநாள் புது ரவுட்டரை வராந்தா நடுவில் வைத்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒயர் இழுத்து, கவிழ்த்த தட்டு போன்ற ஆக்சஸ் பாயின்ட்டைக் கடைசி அறை வாசலின் மேல் மாட்டினார் மணிகண்டபிரபு. ஆறாம் அறைக்குள்ளும் குழம்பு கொதித்தது. அப்பாவு வந்து நின்றார்.

“அந்தப் பொண்ணோட அப்பா காலைலேர்ந்து மூணு வாட்டி போன் பண்ட்டார் அண்ணி. அந்தப் பாஸ்வேர்டக் குடுங்க, நானே அமுத்திடறேன்.”

“பொறு.”

ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் இருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார் கங்கம்மாள். கிழியாமல் உரித்து விரல் நுனியில் ஒட்ட வைத்துக்கொண்டு, அப்பாவுவைக் கடந்து நடந்தார். கவியாவின் அறைக்குள் போய், கதவின் உள்பக்கத்தில், தாழ்ப்பாளுக்குச் சற்று மேலே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.