காது கேட்ட ஆல்பம்

அவருக்குப் பட்டப்பெயர் காது. பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று எழுதுவார். மாலையில் இணைய இதழ் ஒன்றுக்காக ஆல்பங்களைக் கேட்டு, அங்கும் அதையேதான் செய்வார். அவர் நன்று என்றால் நாலு பேர் தலையாட்டுவார்கள். இல்லை என்றால் பாடியவன் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

வாராவாரம் மலைபோல் குவிவதை உட்கார்ந்து கேட்க யாருக்குப் பொறுமை? காது தன் போனில் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவார். குரல் கீச்சிடாமல் போனே பார்த்துக்கொள்ளும். நாளடைவில் அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதையே அவர் மறந்துவிட்டார்.

அப்படித்தான் பஸ் ஓட்டும் பெண் ஒருத்தியின் ஹிப் ஹாப் ஆல்பம் அவரிடம் சிக்கியது. டிரம் கிடையாது. மழையில் வைப்பர் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம்தான் தாளம். நடுநடுவே பஸ் கதவு பெருமூச்சு விடும். அதன்மேல் அவள், வேலை முடிந்து செருப்பைக் கழற்றுகிறவள் போல, ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்திருந்தாள். காது பல் விளக்கியபடியே கேட்டு முடித்து எழுதினார்: “மூச்சு விடாத ஆவேசம். நகரத்தின் வெறிபிடித்த நாடித்துடிப்பு.”

காதே சொன்ன பிறகு மற்ற விமர்சகர்கள் கேட்டுவேறு பார்க்க வேண்டுமா? ஒருவர் புயல் என்றார். இன்னொருவர் எரிமலை என்றார். நிஜமாகவே போட்டுக் கேட்டவர்களுக்குக் கொட்டாவி வந்தது. அது தங்கள் ரசனையின் கோளாறு என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒரு விடுமுறை நாளில் காது தங்கை வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்தபடி ஸ்பீக்கரில் அந்த ஆல்பத்தைத்தான் போட்டிருந்தாள்.

“என்ன இது, சார்ஜ் இல்லையா? இப்படி இழுக்குது?”

“சார்ஜெல்லாம் இருக்கு. பாட்டே இப்படித்தான் அண்ணா. நீதானே ஆவேசம்னு எழுதின? எங்க வரும், எங்க வரும்னு நானும் பார்க்கிறேன். ஒரு கூடைத் துணி மடிச்சாச்சு.”

காது தன் போனை எடுத்துப் பார்த்தார்: வேகம், ஒன்றரை மடங்கு. உட்கார்ந்து முழுவதும் கேட்டார். பாதியில் தன் விமர்சனமே மறந்துபோனது. வைப்பர் ஒரு பக்கம் போய்த் திரும்புவதற்குள் அந்தப் பஸ் ஓட்டும் பெண் விட்ட இடைவெளியில், கடைசி சீட்டில் தூங்குகிறவனை எழுப்பலாமா என்று அவள் தயங்குவது கேட்டது. இத்தனை வருடத்தில் எதையும் அவர் இப்படிக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அவள் மேடையில் பாடுகிறாள். அவரும் பேச வேண்டும். தவறை ஒப்புக்கொண்டுவிடு என்றது ஒரு மனம். ஒப்புக்கொண்டால் நாளைக்கு உன் பேர் செவிடு என்றது இன்னொரு மனம்.

அவள் பாடத் தொடங்கினாள். சூடான எண்ணெயில் விழுந்த கடுகாகச் சொற்கள் வெடித்தன. வைப்பர் பைத்தியம் பிடித்ததுபோல் அடித்துக்கொண்டது. கடைசி சீட்டுக்காரனைப் பற்றித் தயங்க அங்கே இடமே இல்லை. கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

மூச்சு வாங்க அவரிடம் வந்தாள். “சார், நீங்க எழுதினதைப் படிச்ச பிறகுதான் நான் என்ன செய்ய நினைச்சேன்னு எனக்கே புரிஞ்சுது. தினமும் டிப்போல நின்னு பழகினேன். டிரைவருங்க எல்லாம் கிண்டல் பண்ணாங்க. வேகம் சரியா இருந்துச்சா?”

“முன்னாடி இருந்தது…” என்று ஆரம்பித்தார். அதற்குள் யாரோ மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார்கள். முன்வரிசையில் மற்ற விமர்சகர்கள் பேனாவும் கையுமாகக் காத்திருந்தார்கள்.

“முன்னாடி இருந்ததைவிட அருமைம்மா.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய பதிவை எல்லா இடத்திலிருந்தும் நீக்கிவிட்டு, இன்று பாடியதையே ஏற்றப்போவதாக அங்கேயே அறிவித்தாள்.

முதலில் கைதட்டியவர் காதுதான்.