மூன்றாம் வரிசை ஹாட்ஸ்பாட்

ராமச்சந்திராபுரம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் மூன்றாம் வரிசை ஜன்னல் சீட், கூட வேலை பார்க்கும் ஒரு உள்ளூர்க்காரருடையது. கோளாறு என்று யார் போனைக் கொடுத்தாலும் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார்.

என் பிளானில் போனுக்கு நெட் அளவில்லை. அதையே ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்புக்குக் கொடுத்தால் தனிக் கட்டணம். காசு கட்டி வாங்கிய நெட்டுக்கு மறுபடி காசா என்று அவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"கைக்கு சார் கட்டறீங்க? நக்கோ, விடுங்க" என்று, 'எதற்கு', 'வேண்டாம்' என்பதை உள்ளூர் உருதுவில் சொல்லி, அந்தக் கட்டணத்தை ஏமாற்றும் ஒரு திருட்டு ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் பாதிப் பேருக்கு அவர் கைங்கரியம்தான்.

வாரத்துக்கு இரண்டு முறை அது படுத்துவிடும். டெண்டர் பைலை ஒன்பது மணிக்குள் அனுப்பியாக வேண்டிய அன்று, மியாப்பூர் தாண்டியதும் படுத்தது. திட்டிக்கொண்டே அவரிடம் போனேன். அவர் தன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டார். பைல் ஒரே நிமிடத்தில் போய்விட்டது.

"உங்க ஆப் மட்டும் எப்படி சார் நிக்காம ஓடுது?"

"என்கிட்ட ஆப்பே இல்லையே. நான் மாசாமாசம் காசு கட்டறேன்."

"அப்புறம் எங்களுக்கு ஏன் சார் இதைப் போட்டுக் குடுத்தீங்க?"

"நீங்க ஓசியில வேணும்னு கேட்டீங்க. எனக்கு நெட் வேணும் சார்."

இப்போது அவர் அந்த பஸ்ஸில் வருவதில்லை. ஆப் மட்டும் இன்னும் என் போனில் இருக்கிறது. அது படுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல்தான் கோபம் வருகிறது.