நாலு விரல் ஜன்னல்

எங்கள் படுக்கை அறை ஜன்னல் ராத்திரியில் நாலு விரல் அளவுக்குத் திறந்தே இருக்கும். ஜனவரியில் உறைபனி விழுந்து, காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினது போல வெளுத்துக் கிடக்கிற நாளிலும் திறந்துதான் இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்குகிற சொந்தக்காரர்கள் மறுநாளே மூட்டை கட்டிவிடுவார்கள். போகட்டும், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

ஐம்பதைத் தாண்டியதும் டாக்டர் பெரிய பாட்டாகப் பாடினார். சர்க்கரை கூடாது, உப்பைக் குறை, தினமும் நட, சிகரெட்டை இன்றைக்கே விடு. முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் காலம் தள்ளியவனுக்குச் சர்க்கரை போடாத டீ என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த மனிதருக்குத் தெரியாது. தூக்கம் சரியில்லை என்று என் மகள் ஒரு மனநல ஆலோசகரிடமும் கூட்டிப்போனாள். படுக்கும்போது மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனியுங்கள் என்றார் அந்த அம்மா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாக நான் வேறென்ன செய்கிறேன்? என் மூச்சை அல்ல, பக்கத்தில் படுத்திருப்பவளின் மூச்சை.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், என் அக்காவும் மாமாவும் மஞ்சூர்ப் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். மாமாவுக்கு நீர்மின் நிலையத்தில் வேலை. அந்தப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ என்று கடைசி பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு, குடலைப் பிரட்டிவிட்டது. போய் இறங்கினால் பல் தந்தியடிக்கிற குளிர். அக்கா வாசலில் குமுட்டி அடுப்பில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். மலையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். புகைகிற வரைக்கும் அடுப்பு வெளியே இருக்கும். புகை முழுக்க அடங்கி, கரி செக்கச்செவேலென்று கங்கானதும் தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். புகைதான் கெடுதல், கங்கு நல்லது என்று ஒரு கணக்கு.

முன்னறையில் படுத்த எனக்கும் சட்டியில் ரெண்டு கங்கு போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். கண் எரியும், வேண்டாம் என்றேன்.

"பொகை அடங்கிருச்சு கண்ணு, இனி ஒண்ணும் பண்ணாது" என்றாள்.

அப்புறமும் வேண்டாம் என்றேன். நிஜக் காரணம் வேறு. அவள் போனதும் ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு சிகரெட் குடிக்கவேண்டும். குடித்தேன். வாடை போகட்டும் என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்தபடியே விட்டுவிட்டுத் தூங்கினேன். டாக்டர்கள் எல்லோரும் திட்டித் தீர்க்கிற அந்தச் சனியன்தான் என் உயிரைக் காப்பாற்றியது.

காலையில் காப்பி வாசனை வரவில்லை. கூப்பிட்டேன், தட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர் வந்து தோள் கொடுத்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். இரண்டு பேரும் போர்வைக்குள் இருந்தார்கள். அடுப்பில் சாம்பல். அக்காவின் கன்னத்தில் அப்படி ஒரு செந்தளிப்பு. கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை. வந்த பொம்பளைகள் எல்லோரும் தூங்குகிற மாதிரியே இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

கங்கிலிருந்து வருகிற வாயு அது, அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, அடைத்த அறையில் ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும், கன்னம் சிவந்து போவது அதனால்தான் என்று சடலங்களைச் சோதித்த டாக்டர் எனக்குச் சொன்னார். குவார்ட்டர்ஸ் லைன் முழுக்க வேறு பேச்சு ஓடியது. குளிர் எடுத்துருச்சு. எல்லோர் வாயிலும் அதுதான். குளிர் எடுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் அன்றைக்கே ஜன்னல் இடுக்குகளில் சாக்கைத் திணித்தார்கள், வாசலில் கரியை மூட்டினார்கள். நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கத்தினேன். பாவம், புள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள்.

அக்கா ஆவியாக வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பேசிக்கொண்டிருந்திருப்பேன். அவள் அப்படி வரவில்லை. மலைக் காற்றில் வளர்கிற குழந்தைகளுக்குக் கன்னம் சிவந்திருக்கும், வருகிற டூரிஸ்ட் எல்லாம் கிள்ளிக் கொஞ்சுவார்கள். ஆப்பிள் மாதிரி இருக்கு என்று யாராவது சொன்னால் என் கால் அங்கேயே நின்றுவிடும். அந்தக் குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

போன மார்கழியில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. அன்றிலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் தினமும் ஜன்னல் சண்டை. பச்ச ஒடம்பு, காத்துப் பட்டா ஜன்னி வந்துரும் என்று அவள் சாத்துவாள். நான் திறப்பேன். கடைசியில் அந்த அறைக்குக் கரண்ட் ஹீட்டர், ஜன்னல் ரெண்டு விரல் என்று ராஜியானோம். அக்கா கதை அவளுக்குத் தெரியாமலில்லை. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் மனசில் அது புகையால் வந்த சாவாகவே நின்றுவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் நடந்துவிட்டு வரும்போது நல்ல மூடுபனி. பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கடைகளில் விளக்கில்லை, கரண்ட் போயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் சத்தமே இல்லை. என் மனைவி சமையலறையில் பத்தியக் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் பேசுங்க, ரெண்டு பேரும் இப்பத்தான் கண்ணசந்தாங்க. ஹீட்டரு ஓடலீங்களா, சாம்பிராணி போட்ட கங்கு இருந்துச்சு, அதுலயே கொஞ்சம் கரியச் சேத்து வெச்சிருக்கறேன்" என்றாள்.

கையிலிருந்த குடையோடு ஓடினேன். கதவைத் திறந்தால் ஜன்னல் இறுகச் சாத்தி, இடுக்கில் பழைய சேலை திணித்திருந்தது. மூலையில் குமுட்டி அடுப்பு. துளிப் புகை இல்லை. அவ்வளவு அழகாகச் சிவந்திருந்தது. ஈரத்தில் ஊறின ஜன்னல் அசைய மறுத்தது. குடைக்காம்பால் கண்ணாடியை உடைத்தேன். மகள் மெல்லக் கண் திறந்து, தலை பாறாங்கல்லாகக் கனக்கிறது என்றாள். எழப்போனவள் அப்படியே வாந்தியெடுத்தாள். குழந்தை எழவில்லை. அதன் கன்னம் சிவந்திருந்தது.

எப்படித் தூக்கினேன், எப்படி வாசலுக்கு வந்தேன் என்று நினைவில்லை. மூடுபனிக்குள் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிருங்க, குளிருங்க என்று கத்திக்கொண்டே மகளைத் தாங்கிக் கூட்டிவந்தாள் என் மனைவி. குழந்தை ஒரு தும்மல் போட்டது. அப்புறம் தெருவே கேட்கிற மாதிரி அழுதது. நானும் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். பயப்படுவதற்கு ஒன்றுமில்லை, நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார்கள். வராந்தா பெஞ்சில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டவேண்டும் என்றுதான் இருந்தேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

"பொகை அடங்கின பொறகுதானுங்க உள்ள வெச்சேன். இனி ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

அதே வார்த்தை. அன்றைக்கு மஞ்சூரில் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியாது.

"பண்ணும்" என்றேன். "பண்ணும்க்கா."

என் வாயிலிருந்து வந்தது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. என் மனைவி என்னைத் திருத்தவில்லை. எழுந்து போய், அந்த வராந்தாவில் சாத்தியிருந்த ஜன்னலை நாலு விரல் திறந்துவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.