ரேடியோப் பெட்டிக்குக் கதவு வைத்த கதை

ஐம்பதுகளின் இறுதி, ஆவணி முதல் வாரம். அண்ணன் ஆடி என்பார், தவறு. அப்போது நான் காலாண்டுத் தேர்வுக்குக் கேள்விகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

விருதுநகரில் ஆசிரியையாக இருந்த நான் அந்தச் சனிக்கிழமை சிவகாசிக்குப் போனேன். அண்ணன் அங்கே சொந்தமாக அச்சகம் தொடங்கியிருந்தார். முதல் ஆர்டர், பம்பாய் வியாபாரி ஒருவர் கேட்ட பட்டாசு லேபிள். திங்கட்கிழமை தாயில்பட்டி பட்டாசு ஆலைக்குத் தாள்கள் போகாவிட்டால் ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விடும்.

மை காயாத மாதிரித் தாளை நீட்டினார். அழகான ரேடியோப் பெட்டி. அடியில் ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், அண்ணனே அந்த வெடிக்கு வைத்த பெயர்: ‘வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர்’.

“அண்ணே, டிரான்ஸ்மிட்டர்னா ஒலியை அனுப்புறது. இந்தப் பெட்டி வாங்குறது. இதுக்குப் பேரு ரிசீவர்.”

“போங்க டீச்சரம்மா! நம்ம பார்க்கு ரேடியோ ஊருக்கே சேதி அனுப்புது. அது வாங்குதாக்கும்?”

அவர் நன்றாகப் பார்த்திருந்த ஒரே ரேடியோ எங்கள் ஊர்ப் பூங்காவில் இருந்ததுதான். ஒலிபெருக்கியில் அது முழங்க, ஊரே தரையில் உட்கார்ந்து கேட்கும்.

“அதுக்கே திருச்சியில இருந்துதான் வருது. அங்கன இருக்கு டிரான்ஸ்மிட்டர்.”

அண்ணன் முகம் வெளுத்தது. “பம்பாய்க்காரரு படிச்சவரு. சிரிச்சுக்கிட்டே ஆர்டரைப் பிடுங்கிருவாரே.”

“பேரை மாத்திருங்க.”

“அச்சுக் கல்லுல வரைஞ்சதை அழிக்கணும்னா கல்லையே தேய்க்கணும். திங்கக்கிழமைக்கு முடியாது. சேக்கச் சொல்லு, எம்புட்டு வேணாலும் சேக்குறேன்.”

சேர்க்கலாமா! என்னால் உட்கார முடியவில்லை.

“அப்ப பெட்டிக்குக் கதவு வைங்கண்ணே! படி வைங்க, வாசல்ல ரெண்டு ஆளு நிக்கட்டும். மேல பெரிய கோபுரம். பெட்டி நிலையமாயிரும்!”

அண்ணன் தூரிகையை எடுத்துக் கல்லின் மேல் குனிந்தார். ரேடியோவின் திருகுகள் வட்ட ஜன்னல்களாயின. அலைவரிசை எண் பட்டை பெயர்ப்பலகையானது. கூரையில் கம்பிக் கோபுரம் எழுந்தது. அதன் உச்சியிலிருந்து வளைவு வளைவாக அலைகள் கிளம்பின. நான் பக்கத்தில் நின்று, “இன்னும் உயரமா, இன்னும் உயரமா” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை தாள்கள் தாயில்பட்டி போயின. தீபாவளி முடிந்ததும் பம்பாயிலிருந்து பதில் வந்தது: அடுத்த சீசனுக்கும் இதே லேபிள்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. “அடுத்தாப்புல ரிசீவர்னு ஒரு வெடி போடச் சொல்லுவமா?”

“சத்தத்தை வாங்கிக்கிட்டுச் சும்மா இருக்குற வெடியை யாருண்ணே வாங்குவா?” என்றேன்.